ஸ்டெல்லாவின் கைராசி

தரமணியில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் மாடியில் பெண்கள் கழிவறை ஒன்று உண்டு. அங்கே இருக்கும் கண்ணாடியில் பாதி ரசம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை அதன் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். ஸ்டெல்லா என் தோள் மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருக்கிறாள். மூச்சு விடாதே, மடிப்பு கலைகிறது என்று அதட்டுகிறாள்.

எனக்கும் புடவைக்கும் ஏழாம் பொருத்தம். வருஷம் முழுக்க ஜீன்ஸும் குர்த்தாவுமாகத் திரிகிறவள் நான். அன்றைக்கு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் எங்கள் வேலையைப் பார்க்க வருகிறார். கொஞ்சம் நன்னா டிரஸ் பண்ணிண்டு வாங்கோம்மா என்று எங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் சார் சொன்னார், அவ்வளவுதான். பட்டு என்று முடிவு பண்ணியது ஸ்டெல்லா. அவளுடையது அரக்குச் சிவப்பு, பீரோவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. என்னுடையது அண்ணியிடம் இரவல்.

அவள் தாலிச் செயினில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு அதுதானே நடமாடும் ஊக்கு டப்பா. அன்று காலையே அவளுடைய தோளுக்கும் இடுப்புக்கும் பாதி செலவாகியிருந்தது. மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேல் குத்தினாள். கடைசி ஊக்கும் என் தோளில் ஏறியதும் வெறும் செயினைத் தூக்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, இப்பப் பாரு, மகாராணி கணக்கா கீற என்றாள்.

சொல்லிவிட்டு, சரியாக இருந்த மடிப்பையே திரும்பத் திரும்ப நீவிவிட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மனிதர் முன்னால் குட்டி வரவில்லை என்றால் அவளுடைய ஆராய்ச்சி அத்தனையும் குப்பைக்குப் போகும். அதைவிட, இத்தனை நாள் அவள் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று ஆகிவிடும்.

குட்டி என்றால் யார் வீட்டுக் குழந்தை என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல உங்களை ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தீபாவளிக் கூட்டம்

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: காந்தம் காந்தம் என்கிறீர்களே, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோமே, அதுதானா? அதேதான் அம்மா. ஆனால் எங்களுடையது நகம் அளவு சிலிக்கான் சில்லு. அதன் மேல் கோபால்ட் கலந்த ஒரு படலம். எவ்வளவு மெல்லிசு என்றால், அதன் தடிமனில் இருக்கும் அணு அடுக்குகளைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று மேலே பார்த்து நிற்கும், இல்லை கீழே பார்த்து நிற்கும். பக்கத்துக்காரன் பார்க்கிற திசையையே தானும் பார்ப்பது அதன் குணம். அதனால் படலத்தில் ஒரு வட்டாரம் முழுக்க மேலே பார்க்கும், அடுத்த வட்டாரம் முழுக்கக் கீழே பார்க்கும். விஞ்ஞானிகள் இதை டொமைன் என்பார்கள். எங்கள் லேபில் பேட்டை என்போம். ராயப்பேட்டையில் பிறந்த நான் வைத்த பெயர் அது. ஒரு பேட்டைக்கும் அடுத்த பேட்டைக்கும் நடுவில் ஓர் எல்லை இருக்கும். அதற்குச் சுவர் என்று பெயர்.

இப்போது ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பின்னால் ஒருத்தர் இடித்தால் அந்த இடி தோளுக்குத் தோள் மாறி, முன்னால் பாத்திரக்கடை வாசலில் நிற்கிறவர் வரைக்கும் போய்ச் சேரும். ஆனால் ஒருத்தர்கூட இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். எங்கள் படலத்திலும் ஒரு காந்தத்தை லேசாக ஆட்டிவிட்டால் அந்த ஆட்டம் மட்டும் அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் ஸ்பின் அலை. மின்சாரம் ஓடாமலே செய்தி போய்விடுவதால் சூடு குறைவு. மடியில் வைத்தால் சுடாத கம்ப்யூட்டர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உலகம் பூராவும் இதன் பின்னால் அலைகிறார்கள்.

ஸ்டெல்லாவோடு நான் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். கூட்டத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். யாரையாவது முறைத்து, சண்டை இழுத்து, பத்தடி போவதற்குள் களைத்துவிடுவேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போவாள். ஸ்டேஷனை நோக்கிப் போகிற கூட்டத்துக்கும் ஸ்டேஷனிலிருந்து வருகிற கூட்டத்துக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு சந்து எப்போதும் இருக்கும். அவள் அதிலேயே போவாள்.

படலத்திலும் அதே கதைதான். இரண்டு பேட்டைக்கு நடுவில் இருக்கிற சுவரை ஒட்டி ஒரு மெல்லிய அலை சுலபமாக ஓடிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி

நாங்கள் இருவரும் கல்லூரிகளில் பாடம் நடத்தி அலுத்துப்போய், வயசு போன காலத்தில் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். ஒரே சாரிடம் சேர்ந்தோம். அவள் கொட்டிவாக்கத்துக்காரி, கடலோர வேதக்கார வீடு. நான் சொன்னேனே, ராயப்பேட்டை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குப் புருஷன், இரண்டு பிள்ளைகள், புறா பொறித்த தாலி எல்லாம் உண்டு.

எங்கள் வேலை இதுதான். சில்லை முதலில் பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்து எல்லா அணுக்களையும் ஒரே பக்கம் திருப்புவோம். அதாவது படலம் முழுக்க ஒரே பேட்டை, சுவரே கிடையாது. பிறகு மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து அதை உறுதி செய்வோம். பிறகு தாங்கியில் வைத்து, மேலே தாள் போன்ற ஒரு கண்ணாடியால் மூடி, பித்தளை ஸ்க்ரூவை முடுக்குவோம். ஒரு முனையில் அலையைக் கிளப்பி மறுமுனையில் அளப்போம். திரையில் ஒரு பெரிய மேடு வரும். எல்லாருக்கும் வரும்.

ஸ்டெல்லா பொருத்தினால் அந்தப் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மேடு வந்தது. அதுதான் குட்டி. அது சுவரை ஒட்டி ஓடுகிற அலை வர வேண்டிய இடம். ஆனால் படத்தில் சுவரே இல்லை. சுவரில்லாமலே அப்படி ஓர் அலை ஓடுகிறது என்றால் அது புதுசு. சார் பூரித்துப்போனார். தாள் தாளாகக் கணக்குப் போட்டு ஒரு கொள்கையே கட்டிவிட்டார்.

நான் பொருத்தினால் குட்டி வராது. எங்கள் லேபில் படிக்கும் இரண்டு பையன்கள் பொருத்தினாலும் வராது. சார் பொருத்தினால் பெரிய மேடே சில சமயம் வராது.

அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தேன். அவளுக்குக் கிட்டப் பார்வை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைச் சில்லுக்கு அருகே கொண்டுபோய் முடுக்குவாள். நானும் குனிந்து முடுக்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஸ்டெல்லா அக்காவுக்குக் கைராசி என்று பையன்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சார் மயிலாப்பூர்க்காரர். குளத்துக்குப் பின்தெருவில் வீடு, மாமி வீணை சொல்லிக்கொடுப்பார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர். குட்டியின் காரணத்தைத் தேடி அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஸ்டெல்லாவின் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், வளையலைக் கழற்றச் சொன்னார், வாட்சைக் கழற்றச் சொன்னார். எல்லாம் லேப் வாசலில் இருக்கும் சோப்பு டப்பாவுக்குள் போயின. குட்டி வந்துகொண்டே இருந்தது. கடல் காற்றின் உப்பு அவள் கையில் ஒட்டியிருக்குமோ என்று கைகழுவச் சொன்னார். ஒருநாள் பொறுக்க முடியாமல், காத்தால என்னம்மா சாப்ட்டே என்று கேட்டார். பழைய சோறும் நேற்றைய மீன் குழம்பும் என்றாள். முட்டையைக்கூடத் தொடாத மனிதர், சற்று யோசித்து, அது காரணமா இருக்கப்டாதே என்று பரிதாபமாகச் சொன்னார். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. விஞ்ஞானத்தில் கைராசி என்பது பாராட்டு இல்லை. ஒருத்தி கையில் மட்டும் வருகிறது என்றால், ஒன்று அவள் தப்புச் செய்கிறாள், இல்லை பொய் சொல்கிறாள். பெங்களூரில் ஒரு லேபுக்கு எங்கள் சில்லுகளை அனுப்பினோம். அங்கேயும் குட்டி வரவில்லை. அதற்கப்புறம் நடைபாதையில் அவள் வந்தால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. நான் இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் கத்தினால் தரமணி ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஆனால் எத்தனை பேர் வாயை எத்தனை நாள் அடைக்க முடியும்?

கூடை

கைராசி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ஒருநாள் கேன்டீனில் சொன்னாள்.

அவள் அம்மா மேரியம்மா மீன் விற்றவர். ஸ்டெல்லா சின்னக் குழந்தையாக இருக்கும்போது ஒருநாள் கூடையைத் தொட்டுக் கொடுத்தாளாம். அன்றைக்குக் கூடை காலி ஆகிற வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கூடைக்காரிகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கூடையைத் தொடச் சொன்னார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு அவளை மணலில் நிறுத்தி வரிசையாகக் கூடைகளை நீட்டுவார்கள். தங்கக் கை என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவளுக்கும் பெருமைதான்.

பிறகு ஒரு வருஷம் கடல் கைவிட்டது. போட்ட வலையெல்லாம் வெறுமனே வந்தது. அதே பெண்களில் சிலர், இவள் கை பட்டதிலிருந்துதான் என்று பேச ஆரம்பித்தார்கள். தங்கக் கை என்று சொன்ன அதே வாய்கள். அவள் கூடைப் பக்கம் வந்தால் மெதுவாகக் கூடையை நகர்த்துவார்கள்.

மேரியம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பொண்ணை மட்டும் நிறுத்திவிட்டார். இனிமே நீ மீனத் தொடாத, போய்ப் படி என்று சொல்லிவிட்டார். விற்கிற மீன் மட்டும் இல்லை, வீட்டுக்கு வருகிற மீனையும் தொடவிடவில்லை. நாளைக்கு எவளும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுபோனது. கல்யாணம் ஆனபிறகும் மீனைக் கழுவி, குழம்பு வைத்து, தூக்கில் ஊற்றி அம்மாதான் கொடுத்தனுப்புவார். மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு மீன் கழுவத் தெரியாது என்று நான் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். இதைக் கேட்டபிறகு நிறுத்திக்கொண்டேன்.

அவள் கேன்டீன் மேசையில் தன் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராசின்னு சொல்றவன்தான் நாளைக்கு ராசி இல்லன்னும் சொல்லுவான் உமா. எனக்கு ரெண்டும் வாணாம்."

பட்டுப் புடவை

வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். பெங்களூர்க்காரர் பெயர் தங்கவேலு. கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினார். அவரைச் சாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். நான் அசைந்தால் மடிப்பு கலையும் என்ற பயத்தில் அறையின் மறு ஓரத்தில் பொம்மை மாதிரி நின்றேன்.

ஸ்டெல்லா பெரிய காந்தத்தில் வைத்து அணுக்களைத் திருப்பினாள், படம் எடுத்தாள், பொருத்தினாள், அளந்தாள். பெரிய மேடு வந்தது. பக்கத்தில் பாய் விரித்த மாதிரி சமதளம்.

மறுபடியும் செய்தாள். வரவில்லை. வேறு சில்லு வைத்தாள். வரவில்லை. அவள் முதுகில் பட்டு நனைந்து கறுத்தது. சார் தன் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தங்கவேலு நல்ல மனிதர், அதுதான் இன்னும் மோசம். எழுந்து நின்று, பரவாயில்லைங்கம்மா, சில கைக்குச் சில நாள் வரும், சில நாள் வராதுங்க என்று ஆறுதல் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட ஸ்டெல்லாவுக்கு அப்படி வலித்திருக்காது.

சாயங்காலம் அதே ரசம் போன கண்ணாடி. சார் அவளைக் கூப்பிட்டு, குட்டி அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துடலாம்மா என்று மெதுவாகச் சொல்லியிருந்தார். அவளிடம் இருந்ததே அந்த அத்தியாயம்தான். திரும்பவும் காலேஜுக்கே போய்ப் பாடம் எடுக்கிறேன், நாளைக்கு வந்து என் சாமானை எடுத்துக்கிறேன் என்றாள். அழுதுகொண்டே என் தோளிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் செயினில் கோத்துக்கொண்டாள். நாளைக்குத் தருகிறேன் விடு என்றேன். அம்மா வாங்கிக் கொடுத்தது, தொலைத்தால் திட்டும் என்றாள்.

ஸ்க்ரூ

மறுநாள் சுடிதாரில் வந்தாள். மேசையில் இருந்த டிபன் டப்பா, பழைய செருப்பு, மழைக்கு வைத்திருந்த குடை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டாள். எனக்குக் கோபமான கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. கடைசியாக ஒரு தடவை பொருத்திவிட்டுப் போ என்றேன்.

எதுக்கு, இன்னொரு தபா அழறதுக்கா என்று கேட்டாள். எனக்காகச் செய் என்றேன். நான் கேட்டு அவள் இல்லை என்று சொன்னது கிடையாது.

பையைக் கீழே வைத்துவிட்டு, திருப்பினாள், படம் எடுத்தாள், பொருத்தினாள், அளந்தாள். பெரிய மேட்டுக்குப் பக்கத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி, குட்டி உட்கார்ந்திருந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். விரோதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எனக்கோ ரத்தம் தலைக்கு ஏறியது. சில்லை எடுக்காதே, தாங்கியோடு அப்படியே தூக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்கு வா என்று கத்தினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் லேபில் படம் எடுப்பது எப்போதும் அளப்பதற்கு முன்னால்தான். அளந்த பிறகு சில்லை டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். சார் அப்படித்தான் செய்வார், அவருடைய சாரும் அப்படித்தான் செய்தாராம். அளந்த பிறகு ஒரு படம் எடுத்தால் என்ன என்று எங்களில் ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு எடுத்தோம். வெளுப்பான படலத்தின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கோணலாக ஒரு கறுப்புக் கோடு. அதாவது கீழே பார்க்கிற ஒரு மெல்லிய பேட்டை. அதற்கு இரண்டு பக்கமும் சுவர். குட்டி ஓடுவதற்கு ராஜபாட்டை. முன்னால் எடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை. பொருத்தும்போதுதான் யாரோ போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன, இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த நேரம் பார்த்து மைக்ராஸ்கோப் விளக்கு மூடியின் பொடி இரும்பு ஸ்க்ரூவைக் காணோம். அது எப்போதும் கழன்று விழுகிற சனியன். இரண்டு பேரும் மேசையைத் தடவித் தேடினோம். ஸ்டெல்லா நன்றாகக் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தாள். வெளியே வந்து விழுந்திருந்த செயினை எடுத்து உள்ளே போடப்போனாள். ஊக்குக் கொத்தின் நுனியில் அந்த ஸ்க்ரூ தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு, விழாமல்.

நான் அவள் கையைப் பிடித்தேன். இருவரும் அந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தினமும் பெரிய காந்தத்தின் மேல் குனிந்து குனிந்து அந்த இரும்பு ஊக்குகள் தாங்களே காந்தமாகிவிட்டிருந்தன. முகத்தைச் சில்லுக்கு அருகே கொண்டுபோய் அவள் ஸ்க்ரூ முடுக்கும்போது செயின் நழுவி வெளியே விழும். ஊக்கின் முனை மேல்கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் கீழே இருக்கிற அணுக்களைத் திருப்பிவிடும். நிமிர்ந்ததும் பழக்கதோஷத்தில் செயினை உள்ளே தள்ளிவிடுவாள். அத்தனையும் நாங்கள் பார்த்ததுதான். மோதிரத்தைக் கழற்று, வளையலைக் கழற்று என்று சொல்லலாம். ஒரு பெண்ணின் தாலியை உற்றுப் பார்க்கவோ, கழற்று என்று சொல்லவோ யாருக்கு வாய் வரும்?

வெள்ளிக்கிழமை அந்த ஊக்குகள் எல்லாம் பட்டுப் புடவைகளில் இருந்தன. பாதி அவள் தோளிலும் இடுப்பிலும். மீதி அறையின் மறு ஓரத்தில் பொம்மை மாதிரி நின்ற என் மேல்.

ஓர் ஊக்கைக் கழற்றி வாங்கினேன். வேறு சில்லை எடுத்து நானே பொருத்தி, கண்ணாடியின் மேல் ஊக்கை மெதுவாக இழுத்தேன். குட்டி வந்தது. என் கையில், முதல் தடவையாக. நான் குதித்த குதியில் மேசை ஆடியது.

ஸ்டெல்லா குதிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, நீ என் சிநேகிதி, உன் கையில் வந்துச்சுன்னா எவன் நம்புவான் என்றாள்.

கதவுக்கு வெளியே

தங்கவேலு அன்றிரவு எங்கள் சாருடைய வீட்டில்தான் தங்கியிருந்தார். மதிய ரயிலுக்கு சென்ட்ரல் போக வேண்டியவர். நான் போன் செய்தபோது இருவரும் சாப்பாட்டில் இருந்தார்களாம். சார் ரசத்தோடு எழுந்துவிட்டார். பெட்டியும் கையுமாக அவரைக் காரில் ஏற்றி, சென்ட்ரலுக்கு நேர் எதிர்த்திசையில் தரமணிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரயில் போனது போனதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். சுவரில்லாத அலை என்று சார் கட்டின கொள்கை அந்த நிமிஷத்தில் சரிந்தது. எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. அவரோ சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் அலை போயிடுத்து, போனாப் போறது, கொழந்தை பொழைச்சா போறும் என்றார். நான் அந்த மனிதரை ஏன் இத்தனை வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தங்கவேலு சிரிக்கவில்லை. அந்த ஊக்கைக் கொஞ்சம் குடுங்கம்மா என்று வாங்கிக்கொண்டார். தானே எல்லாம் செய்ய வேண்டும், யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது, முக்கியமாக அந்த அம்மா வெளியே நிற்கட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாய் திறக்கப்போனேன். ஸ்டெல்லா என் கையை அழுத்தினாள். அவர் கேட்பதுதான் சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

லேப் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நான் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ஸ்டெல்லா பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முணுமுணுவென்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த மனிதர் அவசரமே படாமல் முதலில் ஊக்கில்லாமல் ஒரு தடவை அளந்தார். பிறகு ஊக்கை இழுத்து அளந்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

கடைசியில் கதவு திறந்தது. ஊக்கை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வந்துருச்சுங்கம்மா. என் கையிலயும் வந்துருச்சு."

ஸ்டெல்லா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். முதல் நாள் அழுத அழுகை வேறு, இது வேறு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும், வேறென்ன சொல்ல.

அந்த அத்தியாயம் போகவில்லை, வேறு அத்தியாயமாக ஆனது. காந்த முனையால் கோடு இழுத்து, அலைக்கு வேண்டிய இடத்தில் பாதை போடலாம் என்று எழுதினாள். கட்டுரையில் ஊக்கு என்று போடுவது கௌரவமாக இருக்குமா என்று சார் தயங்கினார். காந்தமாக்கப்பட்ட கூர்முனை எஃகுக் கம்பி என்று போடலாமே என்றார். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. ஊக்கு என்றே அச்சாகியிருக்கிறது. எங்கள் லேபில் இப்போது அளந்த பிறகும் ஒரு படம் எடுக்கிறார்கள்.

சங்கரா மீன்

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வரச் சொல்லி ஸ்டெல்லா என்னைக் கொட்டிவாக்கத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேரியம்மா பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் எதிரில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா நடந்ததை எல்லாம் சொன்னாள். பேட்டை, சுவர், அலை, ஊக்கு, ஸ்க்ரூ, ரயிலை விட்ட மனிதர் எல்லாம். செதிலைத் தேய்த்துக்கொண்டே அவர் உம் கொட்டினார். அந்த ஊக்கு நான் வாங்கிக் குடுத்ததா என்று நடுவில் ஒருதரம் கேட்டார். அவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கத்தியை நிறுத்தினார்.

"அப்போ உன் கையில ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லார் கையும் மாதிரி ஒரு கை."

மேரியம்மா மகள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சங்கரா மீன் சட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"அப்போ சும்மா இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? இந்தா, கழுவு."